பொறியில் விழுந்தது எந்தப் பூச்சி?

மாரியம்மாள் செல்போனை எங்கள் உரக்கடையின் கண்ணாடி மேஜை மேல் வைத்து என் பக்கமாகத் திருப்பினாள். திரையில் விரல் ஈரம் படிந்திருந்தது. புரட்டாசியின் கடைசி நாட்கள். வெளியே மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த கரிசல் மண் இன்னும் காயவில்லை.

"இது எந்தப் பூச்சின்னு சொல்லுங்கக்கா."

படத்தில் ஒரு பாலித்தீன் பை. அதற்குள் பழுப்பு நிறப் பூச்சிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மக்காச்சோளக் காட்டில் கம்பு நட்டுக் கட்டிவைக்கிற பொறியின் பை அது. பெண்பூச்சியின் வாசனையை ஒரு ரப்பர் துண்டில் ஏற்றி உள்ளே தொங்கவிட்டிருப்பார்கள். வாசனையை நம்பி வருகிற ஆண்பூச்சி பைக்குள் விழும். விழுந்தது கூடக் கூட, காட்டில் முட்டை விழப்போகிறது என்று கணக்கு.

"மொத்த ஊரும் நாளைக் கழிச்சு மருந்து அடிக்கப் போவுதுக்கா. வேலாயுதம் அண்ணாச்சி குரூப்புல போட்டுட்டாரு. எல்லாம் படைப்புழுவோட அந்துப்பூச்சியாம். இவ்வளவு விழுந்தா காட்ட மறந்துர வேண்டியதுதாங்காரு."

படைப்புழு சில வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ வந்து நம் பக்கத்து மக்காச்சோளத்தில் இறங்கியது. குருத்துக்குள் புகுந்துகொண்டு உள்ளேயிருந்தே தின்னும். முதல் வருடம் அது என்னவென்று புரிவதற்குள் பல பேருடைய காடு கந்தலாகிவிட்டது. அந்தப் பயம் இன்னும் யாருக்கும் போகவில்லை.

மாரியம்மாளுக்கு வேறொரு பயமும் இருந்தது. போன வருடம் அவள் வீட்டுக்காரர் சுப்பையா மருந்து அடித்துவிட்டு வந்து வாசலிலேயே விழுந்துவிட்டார். வாயில் நுரை. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து எழுந்து வந்தார். இப்போதும் வெயிலில் கொஞ்சம் நேரம் நின்றால் கை நடுங்குகிறது.

"அடிக்கணும்னா சொல்லுங்க, கூலிக்கு ஆள் வச்சு அடிக்கேன். அடிக்க வேண்டாம்னா ஒரு சொட்டு எங் காட்டுல விழக்கூடாது. பூச்சி எதுன்னு தெரியணும். அதுக்குப் பெறவு நான் முடிவு பண்ணிக்கிடுதேன்."

நான் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். பாலித்தீன் பளபளப்பு. ஒரு கால், பாதிச் சிறகு, பொடி. வேறொன்றும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் தங்கராஜ் பின்னால் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். "மருந்தக் குடுத்து அனுப்பு. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கா" என்றார்.

"இதுல தெரியல மாரி" என்றேன்.

"தெரியலைன்னா என்னக்கா அர்த்தம்?"

"தெரியலைன்னுதான் அர்த்தம். அடின்னும் சொல்ல மாட்டேன், அடிக்காதன்னும் சொல்ல மாட்டேன்."

அவள் போனை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "தெரியுற மாதிரி போட்டோ எடுத்துக் குடுத்தா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

சுவரில் தொங்கிய என் பெயர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவிலில் எங்கள் உரக்கடையைத் தொடங்கியது தங்கராஜின் அப்பா. உரமும் பூச்சிமருந்தும் விற்க வேண்டுமென்றால் படிப்பு வேண்டும் என்று சட்டம் வந்தபோது வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பி.எஸ்சி. விலங்கியல் படித்திருந்தது நான் ஒருத்திதான். அப்படித்தான் லைசென்சில் ஜெபராணி என்ற என் பெயர் ஏறியது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

பெயர் சுவரில் இருந்தது. நான் வீட்டில் இருந்தேன். ஆய்வுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் போன் வரும். சேலையை மாற்றிக்கொண்டு ஓடிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவர்கள் போனதும், "சரி, நீ கிளம்பு" என்பார் தங்கராஜ். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியது. பல வருடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு தினமும் கடைக்கு வர ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் கையில் ஒரு போட்டோவோடு வருகிறார்கள். முன்பெல்லாம் இலையைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். தங்கராஜ் ஒரு பார்வை பார்ப்பார். பழுப்புப் பூச்சி என்றால் ஒரு மருந்து, பச்சைப் புழு என்றால் இன்னொரு மருந்து.

பழுப்பில் எத்தனை பூச்சி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது.

"சொல்ல முடியாது"

எங்கள் கடை வாசலில் ஒரு டியூப்லைட் விடிய விடிய எரியும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது சுவரில் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அதில் ஒன்று, பச்சையும் ரோஸும் கலந்து, இங்கே தறியில் நெய்கிற சேலைக்குக் கரை போட்டதுபோல இருந்தது. போட்டோ எடுத்தேன். மறுநாள் இன்னொன்று. ஒரு மாதத்தில் போன் நிறைந்துவிட்டது.

கல்லூரியில் எங்களுக்கு அந்துப்பூச்சி என்றால் பெட்டியில் ஊசி குத்தி, சிறகை விரித்து வைத்திருப்பது. நாஃப்தலீன் வாடை அடிக்கும். முன்சிறகு, பின்சிறகு, அடிவயிறு எல்லாம் பார்க்கலாம். சுவரில் உட்கார்ந்திருக்கிற பூச்சி அப்படி எதையும் காட்டாது. கூரை மாதிரிச் சிறகை மூடிக்கொண்டு, அடையாளம் எங்கே இருக்கிறதோ அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்துப்பூச்சி பார்க்கிறவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்து படங்களை அனுப்பினேன். அதில் ஒரு பெரியவர், எந்த ஊர்க்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது, பொறுமையாகப் பதில் எழுதுவார். எனக்கு அவரிடமிருந்து அதிகமாக வந்த பதில் ஒன்றுதான்: "இந்தப் படத்தில் சொல்ல முடியாது."

முதலில் கோபம் வந்தது. இவ்வளவு தெளிவாக எடுத்திருக்கிறேனே என்று எழுதிக் கேட்டேன். தெளிவு பிரச்சினை இல்லை, இந்த இரண்டு இனமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், அடிப்பக்கம் தெரிந்தால் பிரிக்கலாம் என்று பதில் வந்தது. வேறொரு பூச்சிக்கு, உடலைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்டு, போட்டோவில் யாராலும் முடியாது என்று எழுதினார்.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எந்தப் பூச்சிக்கு எந்த இடம் தெரிய வேண்டும் என்று முதலில் படிப்பது. அந்த இடம் தெரிகிற மாதிரி படம் எடுப்பது. சுவரோடு முகத்தை வைத்துப் பக்கவாட்டில் எடுத்தேன். கண்ணாடி டம்ளருக்குள் பிடித்து அடியிலிருந்து எடுத்தேன். எதிர்க்கடைக்காரர் தங்கராஜிடம், "என்ன அண்ணாச்சி, மதினி சுவத்துக்கு முத்தம் குடுக்காவ" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொல்லி அவரும் சிரித்தார். நான் மறுநாளும் போய் எடுத்தேன்.

படைப்புழுவின் ஆண்பூச்சியை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். சாம்பல் பழுப்புச் சிறகு. நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு. நடுவில் சாய்வாக ஒரு வெளிறிய நீள்வட்டம். அதே பொறியின் வாசனைக்கு இன்னொரு பூச்சியும் ஏமாந்து வரும் என்பதையும் படித்தேன். அது வைக்கோல் நிறம். சிறகில் மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடும். நடுவில் ஒரே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. நம் ஊரில் அதற்குத் தனிப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் புழுவும் புல்லும் பயிரும் தின்கிறதுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் அதனால் ஒரு காடு அழிந்தது என்று நான் கேட்டதில்லை.

இரண்டுக்கும் பின்சிறகு வெள்ளை. பைக்குள் கிடந்து சிறகடித்துச் சிறகின் பொடி உதிர்ந்துவிட்டால் நுனி வெள்ளையும் போய்விடும், நடுப் புள்ளியும் போய்விடும். அப்புறம் எல்லாமே பழுப்புதான்.

வேட்டியில் கொட்டிய பை

மாரியம்மாள் ஊருக்குப் போனதும் சாயங்காலமே படங்கள் அனுப்பினாள். பையைப் பிரித்துத் தட்டில் கொட்டி எடுத்திருந்தாள். நல்ல வெளிச்சம். ஆனால் எல்லாம் செத்துக் காய்ந்த பூச்சிகள், சிறகு மொட்டையாக இருந்தது. ஓரத்தில் கிடந்த ஒன்றில் மட்டும் புள்ளி மாதிரி ஏதோ தெரிந்தது. அது புள்ளியா, பொடி உதிர்ந்த இடமா என்று சொல்ல முடியவில்லை.

தங்கராஜிடம் சொன்னேன். "காலைல நான் அங்க போயிட்டு வாரேன். நீங்க கடையப் பாத்துக்கிடுங்க."

"ஏட்டி, உரக்கடைக்காரி மருந்து அடிக்காதன்னு சொல்லப் பஸ் ஏறிப் போனான்னு கேட்டா சிரிக்க மாட்டாவளா?"

"அடிக்காதன்னு சொல்லப் போகல. எதுன்னு பாக்கப் போறேன்."

காலையில் டிபன் பாக்ஸில் இட்லியை அடைத்து அவரே என் பையில் வைத்தார்.

இளையரசனேந்தல் பக்கம் ஒரு சின்ன ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காட்டுக்குள் கால் வைத்ததும் செருப்பு மண்ணோடு ஒட்டி ஒரு கிலோ கனத்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மக்காச்சோளம் முழங்கால் உயரம்கூட வரவில்லை. இலையில் தண்ணீர் நின்றது. சுப்பையா வரப்பில் ஆடுகளை மடக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ராத்திரி விழுந்த பூச்சிகள் பையின் மேல்பக்கம் இன்னும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு வேண்டியது அவைதான். சுப்பையாவின் வெளுத்த வேட்டி ஒன்றை விரித்தோம். ஒவ்வொரு பூச்சியாக எடுத்து வேட்டியில் விட்டு உடனே கண்ணாடி டம்ளரால் மூடினோம். அது அடங்கியதும் போன் கேமராவில் கிளிப் லென்ஸை மாட்டி எடுத்தேன். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. விரலெல்லாம் பவுடர் போட்டதுபோலப் பொடி.

முதல் பூச்சி வைக்கோல் நிறம். நடுவில் ஒற்றைப் புள்ளி. இரண்டாவதும் அதுவே. மூன்றாவதும்.

"இது அது இல்லைல்லா?" மாரியம்மாள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"இது அது இல்ல. பொறு, எல்லாத்தையும் பாப்போம்."

பார்த்துக்கொண்டே வந்தோம். பையில் ஏறக்குறைய எல்லாமே வைக்கோல் பூச்சிதான். மாரியம்மாள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது டம்ளருக்குள் ஒன்று நிதானமாகச் சிறகை ஒடுக்கி உட்கார்ந்தது. சாம்பல் நிறம். சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு. நடுவில் சாய்ந்த நீள்வட்டம். புத்தகத்தில் வரைந்தது போல இருந்தது.

அவளிடம் மறைக்க எனக்கு வழியில்லை. போனை நீட்டினேன்.

"இதுதான் அது" என்றேன்.

வேலாயுதம் அண்ணாச்சி

அதற்குள் நான் வந்திருப்பது தெரிந்து வேலாயுதம் அண்ணாச்சி காட்டுக்கே வந்துவிட்டார். ஊர் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர். பெரிய மீசை, சின்னக் குரல். படைப்புழு வந்த முதல் வருடம் அவருடைய காடு முழுக்கப் போனது என்று மாரியம்மாள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

படங்களைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்பம் அதுவும் இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம் போதும் தாயி. அந்த வருசமும் கொஞ்சந்தான்னு நெனச்சேன். ஒரு காலைல வந்து குருத்தப் பிரிச்சா உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் புழுப் பீ. எம் மகளுக்கு அந்த வருசம் கல்யாணம் வச்சிருந்தோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை.

"பயப்படாதீங்கன்னு நான் சொல்லல அண்ணாச்சி. எல்லாப் பொறியையும் பாப்போம். எங்கன அந்தப் பூச்சி அதிகமோ, அங்கன குருத்தப் பிரிச்சுப் பாப்போம். இலை சுரண்டியிருந்தா அங்கன அடிங்க. மத்த காட்டுல எதுக்கு?"

கூட வந்த ஒருவர் சிரித்தார். "கடையில சரக்கு இல்ல போலுக்கு."

"சரக்கு நெறைய இருக்கு. வேணும்னா வண்டியில ஏத்தி அனுப்புதேன்" என்றேன்.

மதியம் வரை காடு காடாக நடந்தோம். கிழக்கு ஓரத்தில், முன்னாலேயே விதைத்த மக்காச்சோளம் இருந்த பக்கம், பொறியில் சாம்பல் பூச்சிதான் அதிகம். அங்கே இளம் இலைகளில் பச்சை சுரண்டப்பட்டு, கண்ணாடித் தாள் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. மேற்கே வர வர வைக்கோல் பூச்சிதான். இலையும் சுத்தமாக இருந்தது. மாரியம்மாளின் காடு நடுவில். கிழக்கு வரப்பை ஒட்டி ஒரு சில செடியில் மட்டும் சுரண்டல்.

கிழக்கே உள்ளவர்கள் அடித்தார்கள். அடிக்கத்தான் வேண்டியிருந்தது. மற்றவர்களில் பாதிப் பேர், எதற்கு வம்பு என்று அவர்களும் அடித்தார்கள். மாரியம்மாள் அடிக்கவில்லை.

தலையில் தெரிந்த குறி

அந்த நாட்களில் எனக்கு மாரியம்மாள் காட்டு நினைப்புதான். அடிக்காதே என்று நான் சொல்லவில்லைதான். ஆனாலும் அவள் என்னை நம்பித்தான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். தினமும் காலையில் அவளிடமிருந்து படம் வரும். குருத்து, இலையின் அடிப்பக்கம், பொறியின் பை. "இன்னைக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று குரல் பதிவு கூடவே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தேன். படத்தில் ஒரு புழு. பழுப்பு உடம்பு, பக்கத்தில் கோடு. குரல் பதிவு இல்லை.

படைப்புழு என்றால் தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்து மாதிரி வெள்ளைக் குறி இருக்கும். வால் பக்கம் நான்கு புள்ளி சதுரமாக இருக்கும். இந்தப் படத்தில் தலை மங்கலாக இருந்தது. கூப்பிட்டேன்.

"தலை தெரியல மாரி. தலையப் பக்கத்துல எடு. வாலையும் எடு."

"உங்களுக்கு என்னன்னு தோணுதுக்கா?"

"எனக்குத் தோணுறது முக்கியம் இல்ல. படத்த எடு."

சர்ச் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றேன். தங்கராஜ் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் காத்திருந்தார். படம் வந்தது. தலையில் குறி தெளிவாக இருந்தது. வாலில் நான்கு புள்ளியும் இருந்தது.

தங்கராஜ் எட்டிப் பார்த்தார். "அதுதானா?"

"அதுதான்."

அவளுக்கும் அப்படியே சொன்னேன். "எத்தனை செடியில இருக்குன்னு பாத்துட்டுக் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் காட்டை முழுக்க நடந்து முடித்துவிட்டாள். கிழக்கு வரப்பிலிருந்து சில வரிசைகள் வரைக்கும்தான் புழு. அதைத் தாண்டி இல்லை. அந்த வாரம் முழுவதும் அவளும் அவள் நாத்தனாரும் காலையில் இறங்கி அந்த வரிசைகளில் குருத்துக் குருத்தாகப் பிரித்துப் புழுவைப் பொறுக்கி நசுக்கினார்கள். குருத்துக்குள் மண்ணும் சாம்பலும் தூவினார்கள். இலை விளிம்பு அறுத்துக் கையெல்லாம் கீறல். அதையும் ஒருநாள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அடியில் ஒன்றும் எழுதவில்லை.

வரப்போரம் கொஞ்சம் போனது. மற்றதெல்லாம் பூட்டை வாங்கி, கதிரில் மணி பிடித்து நின்றது. மருந்து அடித்த காடுகளை விட அவள் காடு கூடுதலாக விளைந்தது என்று நான் எழுதினால் பொய். ஏறக்குறைய அவர்கள் அளவுக்கே விளைந்தது. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

சுப்பையா கடைக்கு வந்தார்

அறுப்பு முடிந்து தை பிறந்த பிறகு ஒருநாள் சுப்பையா தனியாகக் கடைக்கு வந்தார். அவர் இந்தக் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பூச்சிமருந்து. எங்கள் கடைச் சரக்கு இல்லை. மூடியின் சீல் உடையவில்லை.

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளே வேற கடையில வாங்கிட்டேன்" என்றார். "ஆட்டுக் கொட்டகைக் கூரையில சொருகி வச்சிருந்தேன். அவளுக்குத் தெரியாது."

நான் அவர் கையைப் பார்த்தேன். லேசான நடுக்கம் இன்னும் இருந்தது.

"இந்த உடம்ப வச்சுக்கிட்டு நீங்களே அடிக்கலாம்னு நெனச்சீங்களா?"

"பயந்தான். ஊரே அடிக்கும்போது நம்ம காடு மட்டும் பாழாப் போச்சுன்னா? அவ வெளிய போற நேரம் பாத்து அடிச்சிரலாம்னு இருந்தேன். எங்க போனா? விடிஞ்சா காட்டுலதான் நிக்கா. ஒவ்வொரு குருத்தா விரிச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டு. அவ அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கும்போது எப்படி அடிக்கதுன்னு விட்டுட்டேன். கூரையில தெனமும் அதத் தொட்டுப் பாப்பேன். பெறவு வச்சிருவேன்."

தங்கராஜ் மூட்டைகளை விட்டு முன்னால் வந்து நின்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சுப்பையா உட்காரவில்லை.

"இத என்ன செய்ய?" என்று கேட்டார். "வீட்டுல வச்சிருக்கப் பிடிக்கல. ஓடையில கொட்டவும் மனசு வரல."

"கொட்டிராதீங்க. சீல் உடைக்கல, வாங்குன கடையிலயே திருப்பிக் குடுங்க."

"ஏன் அடிக்கலைன்னு கேப்பாவளே."

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

சுப்பையா பாட்டிலை மறுபடி பைக்குள் வைத்தார். பையின் காதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரி போட்டோ எடுத்துப் பாத்துட்டு வேண்டாம்னுட்டான்னு சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, அந்தக் கடை இருக்கிற தெருப் பக்கமாக நடந்தார்.